ரத்தினசாமி செத்தால் நாற்பது சதவீதம்

இனிமேல் சாவதே இல்லை என்று ரத்தினசாமி முடிவெடுத்தது ஆடிட்டர் ஆபீசில். சும்மா எடுக்கவில்லை. மேசையை ஓங்கிக் குத்தி, பேனா ஸ்டாண்டைக் கீழே தள்ளி, பக்கத்து அறையில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண்ணை எழுந்து நிற்க வைத்துவிட்டு எடுத்தார்.

“நான் சாக மாட்டேனுங்க! என்ன பண்ணிப்போடுவான் அவன்? பாத்துடலாம்!”

அவன் என்றால் அமெரிக்கா. ஒரு தேசத்தையே ஒருமையில் ஏசுவதற்கு ரத்தினசாமியிடம் நியாயம் இருந்தது. திருப்பூர் வீரபாண்டியில் அவருடைய பனியன் கம்பெனியில் மூன்று லைன் தையல் ஓடிக்கொண்டிருந்தது. நம்மூர்ச் சரக்குக்கு ஐம்பது சதவீதம் வரி என்று அமெரிக்கா அறிவித்த வாரமே அங்கே சரக்கு வாங்கும் பையர் போனை எடுப்பதை நிறுத்தினான். இரண்டு லைன் நின்றது. அன்றிலிருந்து ரத்தினசாமிக்கு எதற்கெடுத்தாலும் கோபம். டீ ஆறியிருந்தால் கோபம், சுட்டால் கோபம், டீயே வேண்டாமா என்று கேட்டால் அதைவிடக் கோபம்.

அந்தக் கோபத்தில் அன்றைக்கு எண்ணெய் ஊற்றியவர் ஆடிட்டர் தீனதயாளன். நல்ல மனிதர், பொறுமைசாலி, ஆனால் உண்மையைச் சொல்லிவிடும் வியாதி உண்டு. வருடாந்தரக் கணக்கைப் பார்த்துக்கொண்டே வந்தவர், கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார்.

“உங்க பேர்ல அமெரிக்கக் கம்பெனி ஷேர் இருக்குதுல்லீங்க, அது நல்லா ஏறியிருக்குது. ரிட்டர்ன்ல ஒழுங்காக் காட்டிட்டோம், அதுல ஒரு கோளாறும் இல்ல. ஆனா நீங்க இல்லாமப் போனீங்கன்னா...”

“இல்லாமப் போனான்னா? எங்க போவேன்?”

“தவறிட்டீங்கன்னா.”

“செத்தான்னு சொல்லுங்க. எனக்கென்ன பயமா?”

“செத்தீங்கன்னா, அது அமெரிக்காவுல இருக்கற சொத்துங்க. நீங்க அந்த நாட்டு ஆளு இல்ல. அறுபதாயிரம் டாலர் வரைக்கும் உட்ருவாங்க. அதுக்கு மேல இருக்கறதுக்கு அங்க வாரிசு வரி கட்டோணும். நாப்பது சதவீதம் வரைக்கும் ஏறுங்க.”

ரத்தினசாமியின் ஷேர் அறுபதாயிரத்தை எப்போதோ தாண்டியிருந்தது. “நான் சாகப்போறது திருப்பூர்ல! தூக்கிட்டுப் போறது எங்க பங்காளிக! அவனுக்கு எதுக்குங்க நாப்பது? எழவு ஊட்டுக்கு ஒரு மாலையாச்சும் கொண்டாருவானா?”

“மாட்டாங்க.”

“ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்குது, ஒரே காசுக்கு ரெண்டு பக்கமும் வரி கட்ட வேண்டியதில்லைன்னு நீங்கதான சொன்னீங்க?”

“அது வருமானத்துக்குங்க. டிவிடெண்டுல அவங்க புடிச்சதை இங்க கழிச்சுக்கறோம் பாருங்க, அதுக்கு. வாரிசு வரிக்கு அமெரிக்காவோட நமக்கு ஒப்பந்தம் இல்ல. நம்ம நாட்டுல அந்த வரியவே எடுத்து நாப்பது வருசமாச்சு. அங்க கட்டுனா இங்க எதுலயும் கழிக்க முடியாது.”

“உசுரோட இருந்தா ஒப்பந்தம். செத்தா இல்ல.”

“ஆமாங்க.”

மேசை குத்து வாங்கியது அப்போதுதான்.

“வித்துப்போட்டா வாரிசு வரி இல்லீங்க” என்று தீனதயாளன் பேனாக்களைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்.

“விக்கறதா? ஏறிட்டிருக்கற ஷேரை விக்கறதா? என்ற உசுரு இருக்கற வரைக்கும் விக்க மாட்டேன். இனி அந்தப் பேச்சே வேண்டாம்!” என்று மறுபடியும் குத்தினார். தீனதயாளன் பேனா ஸ்டாண்டை மடியில் வைத்துக்கொண்டார்.

இந்த ஷேர் எப்படி வந்தது என்பதை ரத்தினசாமி யாரிடமும் விவரமாகச் சொல்வதில்லை. சொன்னால் கதை கொஞ்சம் கசக்கும். அவருடைய மாமனாருக்குக் குண்டடம் பக்கம் மானாவாரிக் காடு இருந்தது. அவர் காலமான பிறகு அதைக் காற்றாலைக் கம்பெனிக்காரன் நல்ல விலைக்குக் கேட்டான். அந்தப் பக்கத்தில் பெண்பிள்ளையிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரு பட்டுச் சேலையைக் கொடுத்து அனுப்பிவிடுவதுதான் வழக்கம். ஆனால் அவர் மனைவி ஜெயசுதாவின் அண்ணன்மார் இருவரும் நியாயஸ்தர்கள். தங்கச்சிக்கும் சமபங்கு என்று செக்கைக் கையில் கொடுத்தார்கள். அது அவள் கையில் ஒரு மணி நேரம் இருந்திருக்கும். “குடும்பத்துல என்ன உன்ற பணம் என்ற பணம்?” என்று வாங்கிப் பையில் வைத்தார் ரத்தினசாமி. அடுத்த மாதம் அது அவர் பெயரில் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஜெயசுதா அவ்வப்போது கேட்பாள். “அந்தக் காட்டுப் பணம் என்னாச்சுங்க?”

“வளருது.”

லைன் நின்றுபோன பிறகு இன்னும் அழுத்திக் கேட்டாள். “அதுல கொஞ்சம் எடுங்க. நூல் வாங்கலாம். கொழந்தைக துணி தைக்கலாம். நம்ம நாட்டுலயே கொழந்தைக இருக்குதுகல்ல? கேரளாவுல ரெண்டு கடைக்காரங்க சாம்பிள் கேக்கறாங்க.”

“இருவது வருசமா எக்ஸ்போர்ட் பண்ணுன கையி இது. லோக்கல் ஜட்டி தைக்கோணுமா? என்னைய என்னன்னு நெனச்சே?”

“சும்மா நிக்கற மெஷினுக்கு லோக்கலு எது, எக்ஸ்போர்ட்டு எதுன்னு தெரியுமுங்களா? தைக்கறவிய பாதிப்பேரு ஊருக்குப் போயிட்டாங்க. மீதிப்பேரு போகப் போறாங்க. போயிட்டா திரும்ப வர மாட்டாங்க.”

“போகட்டும்!”

இப்படித்தான் பேச்சு ஒவ்வொரு தடவையும் முடியும். அவர் கத்துவார். அவள் வாயை மூடிக்கொள்வாள். அவள் வாயை மூடிக்கொண்டதை அவர் ஜெயித்ததாகக் கணக்கு வைத்துக்கொள்வார். கல்யாணமான ஆண்கள் பலரும் செய்கிற தப்புதான் இது.

ஆடிட்டர் ஆபீசிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றாமலே ஹாலில் நின்று அமெரிக்காவைத் திட்டித் தீர்த்தார் ரத்தினசாமி. ஜெயசுதா முழுக்கக் கேட்டாள்.

“அப்ப நீங்க செத்தா எனக்குத்தானுங்க நட்டம்?”

“உனக்கு நட்டம், அவனுக்கு லாபம். அதனால நான் சாகப் போறதில்ல.”

“சரிங்க” என்றாள் ஜெயசுதா.

அந்த ‘சரிங்க’ அன்று இரவே வேலையைக் காட்டியது. தட்டில் ஒரு தோசை விழுந்தது. இரண்டாவதுக்கு ரத்தினசாமி தட்டை நீட்டினார்.

“வேண்டாங்க. நாப்பது சதவீதம்.”

“என்னது?”

“உங்களுக்குக் கொழுப்பு எச்சா இருக்குதுன்னு டாக்டரு சொன்னாருல்லங்க. ஏதாச்சும் ஆச்சுன்னா நாப்பது சதவீதம்.”

மறுநாள் முதல் வீட்டில் நெய் இல்லை. முட்டை வெள்ளையாக மட்டும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வாசம் வந்தது, பக்கத்து வீட்டிலிருந்து. இவர் தட்டில் வேகவைத்த சுரைக்காய். பைக் சாவியைக் கேட்டால், “பல்லடம் ரோட்டுல லாரி வர்ற வேகம் தெரியுமில்லீங்க, நாப்பது சதவீதம்” என்பாள். கோபப்பட்டுக் கத்தினால், “பிரசர் ஏறுமுங்க, நாப்பது” என்று பாதியிலேயே நிறுத்திவிடுவாள். சதவீதம்கூடச் சொல்வதில்லை. ரத்தினசாமிக்குக் கோபப்படுவது மூன்று வேளைச் சாப்பாட்டைவிட முக்கியம். அதையும் பறித்துக்கொண்டால் மனிதன் எதற்காக உயிரோடு இருப்பது?

சுரைக்காய் தாங்காமல் அவரே தீனதயாளனுக்குப் போன் போட்டார்.

“சாகாமயே இருக்கறது கஷ்டமா இருக்குதுங்க. வேற வழி ஏதாச்சும் சொல்லுங்க.”

“உசுரோட இருக்கையிலயே சம்சாரத்துக்கு இனாமாக் குடுத்துடலாங்க. வெளிநாட்டுக்காரர் தன்னோட ஷேரை இனாமாக் குடுத்தா அமெரிக்காவுல வரி இல்ல. புருசன் பொண்டாட்டிக்குக் குடுத்தா இங்கயும் வாங்கறவங்களுக்கு வரி இல்ல. ஆனா ஒண்ணுங்க, நாளைக்கு அதை வித்தா...”

“விக்க மாட்டேன்னு சொன்னனா இல்லையா? அந்தப் பேச்சை எடுக்காதீங்கன்னனா இல்லையா?” போனை வைத்துவிட்டார்.

மனைவி பெயரில் வைப்பது திருப்பூருக்குப் புதிதா என்ன? இங்கே பாதிக் கம்பெனிகளின் போர்டில் சாமி பெயர் இருக்கும், மீதியில் சம்சாரத்தின் பெயர் இருக்கும். ரத்தினசாமிக்கே ‘ஜெயசுதா நிட்ஸ்’ என்று இன்னொரு கம்பெனி உண்டு. ஜி.எஸ்.டி. அவள் பெயரில், பேங்க் கணக்கு அவள் பெயரில், முதலாளி அவள். ஆனால் அந்த முதலாளியம்மா காலையிலிருந்து சாயங்காலம் வரை செக்கிங் டேபிளில் நின்று பீஸ் பீஸாக ஓட்டை பார்ப்பாள். புது செக் புக் வந்தால் அடுப்பில் ஒரு கண்ணும் செக்கில் ஒரு கண்ணுமாக ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள். அது நேராக ரத்தினசாமியின் டிராயருக்குப் போய்விடும். அமெரிக்க ஷேரையும் அப்படியே வைத்தால் போயிற்று. அவள் பெயர், இவர் டிராயர்.

“ஜெயா, ஷேரையெல்லாம் உன்ற பேருக்கு மாத்தப்போறேன்.”

“எனக்கு எதுக்குங்க அமெரிக்கா?”

“பேருக்குத்தான்.”

“பேருக்குன்னா வேண்டாங்க. நாளைக்கு அவன் வந்து, இது உண்மையிலயே உன்ற புருசன் சொத்துதான்னு சொல்லிப் புடுங்குனா? நான் கோர்ட்டுல போய் நிக்கோணுமா?”

இதை அவர் யோசிக்கவே இல்லை. “அதெல்லாம் முழுசாவே எழுதிக் குடுத்துடறேன். இந்தச் சொத்துல எனக்கு எந்தப் பாத்தியமும் இல்லைன்னு எழுதிடறேன்.”

“எனக்குப் பயமா இருக்குதுங்க. என்னைய உட்ருங்க. நீங்க சுரைக்காயே சாப்பிடுங்க.”

“அம்மிணி, உன்ற கால்ல வேணும்னாலும் உழுகறேன். வாங்கிக்க!”

ஜெயசுதா நெடுநேரம் யோசித்தாள். பெருமூச்சு விட்டாள். “சரி, உங்களுக்காக” என்றாள். ரத்தினசாமி அன்று ராத்திரி இரண்டு தோசை சாப்பிட்டார்.

கிஃப்ட் டீட் எழுதினார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ரத்தினசாமி கையெழுத்துப் போட்டார். அவள் பெயரில் புதுக் கணக்கு திறக்க போனில் முகத்தைக் காட்ட வேண்டும் என்றார்கள். ரத்தினசாமியே போனைப் பிடித்துக்கொண்டு, “இந்தப் பக்கம் திரும்பு, அந்தப் பக்கம் திரும்பு, சிரிக்காதே, மூஞ்சி ஒத்துக்க மாட்டேங்குது” என்று அதட்டிப் படம் எடுத்தார். ஜெயசுதாவுக்குச் சிரிப்பை அடக்க ரொம்ப நேரம் ஆயிற்று. வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்.

ஷேர் மாறிய நாளிலிருந்து ரத்தினசாமி தலை நிமிர்ந்து நடந்தார். தெரிந்தவன் தெரியாதவனிடமெல்லாம், “இனி அவனுக்கு நாப்பது பைசா கூடக் கெடைக்காதுங்க” என்றார். அடுத்த வாரமே ஏற்றுமதிக்காரர்களின் பத்து நாள் டெல்லிப் பயணத்தில் தொற்றிக்கொண்டு, மந்திரி ஆபீஸ் வாசலில் நின்று அமெரிக்காவைத் திட்டிவிட்டு, ரயிலில் திரும்பி வரும்போதும் திட்டிக்கொண்டே வந்தார். கேட்கிறவர்கள் மேல் பெர்த்துக்கு ஏறிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் ஸ்டேஷனிலிருந்து நேராகக் கம்பெனிக்கு வந்தவர் கேட்டிலேயே நின்றுவிட்டார். உள்ளே சத்தம். ஒரு லைன் சத்தம் அல்ல. மூன்று லைனும் ஓடுகிற சத்தம். வாசலில் துணி ரோல் இறங்கிக்கொண்டிருந்தது. இளஞ்சிவப்பு, மஞ்சள், யானைக்குட்டி பிரிண்ட்.

தையல்காரர்களில் மூத்தவளான செல்லத்தாய் ஓவர்லாக் மெஷினிலிருந்து தலையைத் தூக்கினாள். மதுரைப் பக்கத்துக்காரி. ஊருக்குப் போவதற்கு மூட்டை கட்டியிருந்தவள்.

“வாங்க முதலாளி. என்ன அப்பிடியே நின்னுட்டீக?”

“இது என்ன துணி? யாரு சொல்லி ஓடுது?”

“முதலாளியம்மா ஆர்டர் பிடிச்சிருக்காகல்ல. கேரளாவுக்கு. பச்சப்புள்ளைக சட்டை. போயிட்ட ஆளுகளுக்கெல்லாம் அவுகளே போன் போட்டு வரச்சொன்னாக. பாதிப்பேரு வந்துட்டாக.”

“காசு ஏது?”

“அதை எங்கிட்டக் கேக்கீகளே” என்று செல்லத்தாய் மறுபடியும் குனிந்து மெஷினை ஓட்டினாள்.

ரத்தினசாமி அலுவலக அறைக்கு ஓடினார். டிராயரை இழுத்தார். கையெழுத்துப் போட்ட செக் புக் பத்திரமாக இருந்தது. மூச்சு வந்தது. அப்புறம்தான் உறைத்தது, அமெரிக்காவுக்கு செக் புக் கிடையாது. கம்ப்யூட்டரில் அவள் கணக்கைத் திறந்தார். உங்கள் கைப்பேசிக்கு எண் அனுப்பியிருக்கிறோம் என்றது. ‘உங்கள்’ என்றால் அவளுடைய.

செக்கிங் டேபிளில் ஜெயசுதா நின்றுகொண்டிருந்தாள். கையில் யானைக்குட்டி சட்டை. ரத்தினசாமி கத்தினார். மூன்று லைன் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

“சத்தமாச் சொல்லுங்க” என்றாள்.

“ஷேரை என்ன பண்ணுனேன்னு கேட்டேன்!”

“வித்துப்போட்டேனுங்க.”

“எத்தனைய?”

“ஒட்டுக்கா. ஒண்ணும் மிச்சமில்லீங்க.”

ரத்தினசாமி டேபிளைக் குத்தினார். துணி குவிந்திருந்ததால் சத்தம் வரவில்லை. “யாரைக் கேட்டு வித்தே? என்ற சொத்தை வித்துப்போட்டு எங்கிட்டயே சொல்றயா?”

ஜெயசுதா சட்டையைக் கீழே வைத்தாள். இத்தனை வருடமாக அவள் மூடி வைத்திருந்த வாய் திறந்தது.

“உங்க சொத்தா? என்ற அப்பன் காடுங்க அது. என்ற அண்ணனுக என்னைய ஒரு ஆளா மதிச்சுக் குடுத்த பங்கு. அழுத கண்ணு காயறதுக்குள்ள செக்கை வாங்கிட்டுப் போனீங்க. எப்பக் கேட்டாலும் வளருது வளருதுன்னீங்க. அது வளந்துச்சு. இங்க நின்னு நின்னு என்ற காலு வீங்குச்சு. அமெரிக்காக்காரன் நாப்பதுதானுங்க கேட்டான், அதுவும் நீங்க செத்ததுக்கப்புறம். அவனைய அந்தப் பேச்சுப் பேசுனீங்க. என்ற அப்பன் செத்ததுக்கு நீங்க எத்தன வரி போட்டீங்க? நூறு! நூறுங்க! அவனாச்சும் அறுபதாயிரம் டாலரை உட்டுட்டான். நீங்க அறுபது ரூபா உட்டீங்களா?”

மூன்று லைனும் ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் தையல்காரிகள் எல்லோருடைய காதும் இந்தப் பக்கம் இருந்தது. ரத்தினசாமிக்கு இன்னும் கோபம் வந்தது. அவருக்கு வலித்தது பணம் போனதற்கு அல்ல, அவள் சொன்ன கணக்கில் பிழை இல்லாததற்கு.

“செக் புக் என்ற டிராயர்லதான் இருக்குது” என்று பல்லைக் கடித்தார். “ஜெயசுதா நிட்ஸ்ல ஒரு பைசா எடுக்க முடியாது உன்னால.”

“அதைய கேன்சல் பண்ணிட்டேனுங்க. பேங்க்ல புதுசு வாங்கிட்டேன். மேனேஜரு எந்திரிச்சு நின்னு வணக்கம் சொன்னாரு. இத்தன வருசமா மொதலாளியம்மாவைய பாத்ததே இல்லைன்னாரு.” சட்டையை மறுபடியும் கையில் எடுத்தாள். “வெளிச்சத்தை மறைக்காம சித்தெ தள்ளி நில்லுங்க. இன்னைக்குச் சம்பள நாளு.”

ரத்தினசாமி தள்ளி நின்றார். தள்ளி நின்றவர் அப்படியே வெளியே போய், ஆட்டோ பிடித்து, ஆடிட்டர் ஆபீஸ் படிகளைத் தடதடவென்று ஏறினார். தீனதயாளன் அவரைப் பார்த்ததும் பேனா ஸ்டாண்டை எடுத்து அலமாரிக்குள் வைத்தார்.

“அந்த கிஃப்ட் டீடைக் கேன்சல் பண்ணோணும்!”

“முடியாதுங்க. ஒரு பாத்தியமும் இல்லைன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க.”

“ஏமாத்திப்போட்டா!”

“எதுலீங்க ஏமாத்துனாங்க? நீங்க சொத்தைக் குடுத்தீங்க, அவங்க வாங்கிக்கிட்டாங்க.”

ரத்தினசாமி நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு கொடூரமான வெளிச்சம் வந்தது.

“சரி. வித்துட்டால்ல? அத்தன வருச லாபத்தையும் ஒரே நாள்ல எடுத்துட்டால்ல? வரி வருமில்லீங்க? நல்லா வரட்டும்! கட்டட்டும்! அப்பத் தெரியும் காசோட அருமை!”

தீனதயாளன் கண்ணாடியைக் கழற்றினார்.

“அதைத்தானுங்க அன்னைக்குச் சொல்ல வந்தேன், நீங்க போனை வெச்சுட்டீங்க. புருசன் சம்சாரத்துக்கு இனாமாக் குடுத்த சொத்தை வித்தா, அந்த லாபத்தை நம்ம சட்டம் புருசன் கணக்குலதான் சேக்கும். நீங்க வாங்குன வெலையிலிருந்து மொத்த லாபத்துக்கும் வரி நீங்கதான் கட்டோணும்.”

“அவளுக்கு இது தெரியுமா?”

“விக்கறதுக்கு முந்துன நாளு போன் பண்ணிக் கேட்டாங்க. நிச்சயந்தானான்னு மறுபடியும் கேட்டாங்க. அப்புறம் நெம்ப நன்றின்னாங்க.”

“காசு அவளுக்கு. வரி எனக்கு.”

“ஆமாங்க.”

“இது எந்த ஊரு ஞாயம்? இதுக்கு ஒரு ஒப்பந்தம் கிடையாதுங்களா?” என்று ரத்தினசாமி தன் கை நோக மேசையைக் குத்தினார்.

“ஒப்பந்தமெல்லாம் ரெண்டு நாட்டுக்கு நடுவுலதானுங்க” என்றார் தீனதயாளன். “புருசன் பொண்டாட்டிக்கு நடுவுல போடறதுக்கு எந்த கவர்மென்ட்டுக்கும் தைரியம் வரலீங்க.”